குளிர்நீரில் மீன் பிடிப்போர் கால்களைக் காப்பது எப்படி?

மார்கழி, தை மாதங்களில் நீலகிரியின் உயர்ந்த பள்ளத்தாக்குகளில் விடியற்காலையில் புல்வெளி வெள்ளை வெளேரென்று காட்சி தரும். அது பனித்துளி அல்ல, உறைபனி. தேயிலையையும் உருளைக்கிழங்கையும் உறைபனியிலிருந்து காப்பது பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. அதே நேரத்தில், அதே குளிரில், ஓடை நீரிலும் தொட்டி நீரிலும் முழங்கால் வரை இறங்கி நிற்கும் மனிதனின் காலைக் காப்பது பற்றி எழுதுவோர் குறைவு. இந்த வாரம் அதைப் பற்றிப் பார்ப்போம்.

டிரௌட் என்பது குளிர்நீர் மீன். சுமார் 10 முதல் 18 டிகிரி சென்டிகிரேடு வரை வெப்பமுள்ள தெளிந்த ஓடுநீரில் அது செழித்து வளரும். நீர் குளிர்ந்திருந்தால் அதில் கரைந்துள்ள பிராணவாயுவும் அதிகம். கடல் மட்டத்தில் 10 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரி நீர் ஏழரை மில்லிகிராம் அளவே தாங்கும். இந்த மீனை நீலகிரிக்குக் கொண்டுவர 1860-களில் பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் முயன்றார், பலிக்கவில்லை. பின்னர் எச்.சி. வில்சன் என்பவரின் முயற்சியால் இலங்கையிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் வானவில் டிரௌட்டின் முட்டைகள் தருவிக்கப்பட்டன. 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. மீனுக்கு உகந்த அந்தக் குளிர், அதைப் பிடிக்கும் மனிதனின் காலுக்குப் பகை என்பதுதான் இத்தொழிலின் சங்கடம்.

இங்கே கூறப்படுபவை டிரௌட் பண்ணையாளருக்கும் தூண்டில்காரருக்கும் மட்டும் உரியவை அல்ல. அதிகாலையில் கேரட் கழுவும் மலைத் தொழிலாளர், தை மாதத்தில் பொழுது விடியுமுன் ஏரியில் இறங்கி இழுவலை போடும் சமவெளி மீனவர் ஆகியோருக்கும் இவை பயன்படும்.

"சுடவே இல்லைங்க ஐயா"

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதக் காலையில் மலைச்சரிவில் இருந்த சிறு மீன் பண்ணை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். ஓடுநீர்த் தொட்டியில் மீன்களை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் ரப்பர் பூட்ஸ் அணிந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீரில் நின்றார். பூட்ஸில் ஓட்டை எதுவும் இல்லை. ஆனால் கரையேறிக் கழற்றியபோது பருத்திக் காலுறையைப் பிழிந்தால் நீர் சொட்டியது. பாதம் வெளுத்து, சுருங்கி, மெழுகுபோல் இருந்தது.

"கால் இருக்கிறதே தெரியலைங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னவர், பக்கத்தில் எரிந்த விறகு நெருப்பண்டை போய் உட்கார்ந்து இரு குதிகால்களையும் தணலை ஒட்டி நீட்டிவிட்டார். நான் மற்றவர்களுடன் தீவனம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் தோல் கருகும் நாற்றம் வந்தது. அவருக்கு முன்னால் அதைக் கண்டுபிடித்தது பக்கத்தில் இருந்த பையன்தான்.

"சுடவே இல்லைங்க ஐயா" என்றார் அவர் வியப்புடன். வலது குதிகாலில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். மருத்துவமனையில் இரத்தத்தைப் பரிசோதித்தபோதுதான் அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதும் தெரிய வந்தது. புண் ஆறப் பல வாரங்கள் ஆயின. விரலை எடுக்க வேண்டியிருக்குமோ என்று வீட்டார் கலங்கியிருந்த நாட்களும் உண்டு.

அன்று நான் அங்கே மீனின் நலம் பற்றிப் பேசப் போயிருந்தேன். நீரின் வெப்பத்தை அளந்தேன், பிராணவாயுவை அளந்தேன், நீரில் நின்ற மனிதனின் காலைக் கவனிக்கவில்லை. அந்தக் குறையை ஈடுசெய்யவே இதை எழுதுகிறேன்.

கால் ஏன் முதலில் குளிர்கிறது?

நம் உடலின் அடுப்பு நெஞ்சிலும் வயிற்றிலும் பெரிய தசைகளிலும் இருக்கிறது. பாதத்தில் தசை குறைவு. எலும்பும் நரம்பும் தோலுமே அதிகம். எனவே பாதம் தானாக உண்டாக்கும் சூடு மிகச் சொற்பம். அதற்கு வேண்டிய சூட்டை இரத்தம்தான் சுமந்து வருகிறது. வாய்க்கால் தண்ணீர் கடைமடைக்குப் போவதுபோல் அது பாதத்துக்கு வந்து சேர வேண்டும்.

நீர்வரத்துக் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதானே? உடலும் அப்படித்தான் செய்கிறது. குளிர் தாக்கியவுடன், உயிருக்கு இன்றியமையாத இதயம், மூளை முதலிய உறுப்புகளைக் காக்க, கைகால்களின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. உடலின் உள்ளே 37 டிகிரி இருக்கும்போதே கால் விரலின் வெப்பம் ஏறக்குறைய நீரின் வெப்பத்துக்கே இறங்கிவிடக்கூடும்.

குளிர்ந்த நீரில் விரல்களை வைத்திருந்தால் சிறிது நேரத்துக்குப் பின் குழாய்கள் சற்றுத் திறந்து, மீண்டும் மூடி, மாறி மாறி இயங்குவதைத் தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1930-ல் விவரித்தார். குளிரில் மீன் நறுக்கும் தொழிலாளரின் கைகளில் இவ்வியக்கம் மற்றவர்களைவிட நன்றாக இருப்பதை 1962-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. "எங்களுக்குப் பழகிவிட்டது" என்று தொழிலாளர் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அது கைகளைப் பற்றிய செய்தி. நாள் முழுதும் பூட்ஸுக்குள் அடைபட்ட காலுக்கும் அப்படியே பழக்கம் வந்துவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. "பழகிவிட்டது" என்று நாம் நினைப்பது பல நேரங்களில் மரத்துப்போனதாகவே இருக்கும்.

வாத்து நாள் முழுதும் குளிர்நீரில் நிற்கிறதே என்று கேட்கலாம். வாத்தின் காலில், கீழே இறங்கும் இரத்தக் குழாயும் மேலே ஏறும் இரத்தக் குழாயும் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. இறங்கும் இரத்தம் தன் சூட்டை ஏறும் இரத்தத்துக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்தே பாதத்தை அடைகிறது. ஆகையால் நீருக்கு இழக்கும் சூடு சிறிதளவே. மனிதக் காலுக்கு அவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு இல்லை.

நீர் சூட்டைப் பறிக்கும் விதம்

ஒரே வெப்பமுள்ள காற்றைவிட நீர் சூட்டைச் சுமார் 24 மடங்கு வேகமாகக் கடத்தும். 15 டிகிரிக் காற்றில் வெறுங்காலுடன் நிற்கலாம். 15 டிகிரி நீரில் சிறிது நேரத்திலேயே கால் வலிக்கத் தொடங்குவது இதனால்தான். நீர் ஓடிக்கொண்டிருந்தால் இழப்பு இன்னும் அதிகம். காலைச் சுற்றிச் சற்றே சூடேறிய நீரை ஓட்டம் அடித்துச் சென்றுவிட்டுப் புதுக் குளிர்நீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. காலுக்கு அடியில் உள்ள கல்லும் சிமென்டுத் தளமும் சூட்டை உறிஞ்சும்.

காலைக் கதகதப்பாக வைப்பது காற்றுதான். துணி, கம்பளி, வைக்கோல், நுரை ரப்பர் எதுவானாலும் தன் இடுக்குகளில் அசையாமல் பிடித்து வைத்திருக்கும் காற்றே சூட்டைக் காக்கிறது. அந்த இடுக்குகளில் காற்றுக்குப் பதில் நீர் புகுந்துவிட்டால் பாதுகாப்பு போயிற்று. பூட்ஸ் இறுகிக் காற்று நசுங்கினாலும் போயிற்று. எனவே விதிகள் மூன்றே: உலர்ந்திருக்க வேண்டும், தளர்ந்திருக்க வேண்டும், இரத்தம் வந்துகொண்டிருக்க வேண்டும்.

குளிர்நீர்ப் பாதம் என்னும் கேடு

சமவெளி உழவருக்குச் சேற்றுப்புண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாற்று நடவின்போது நாள் கணக்கில் சேற்றில் நின்றால் விரல் இடுக்குகள் வெந்து, வெடித்து, அரிக்கும். அது பெரும்பாலும் தோலளவில் நிற்கும் தொல்லை.

குளிர்நீர்ப் பாதம் அதனினும் ஆழமானது. நீர் உறைய வேண்டியதில்லை. உறைநிலைக்கு மேல் 15 டிகிரி வரையுள்ள ஈரக் குளிரில் மணிக்கணக்கில் கால் கிடந்தாலே, இரத்த ஓட்டம் குன்றி நரம்பும் சிறு இரத்தக் குழாய்களும் கெடத் தொடங்கும். முதலில் கால் வெளுக்கும், மரத்துப்போகும், பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கும். வலி இல்லாததால் தொழிலாளி கவலைப்படுவதில்லை. சூடேறிய பிறகு கால் சிவந்து வீங்கி, எரிச்சலும் குத்தலும் பொறுக்க முடியாதபடி வரும். கடுமையான நிலையில் கொப்புளமும் அழுகலும் உண்டாகும். புண் ஆறினாலும், சிறு குளிரையும் தாங்காமை, உணர்ச்சிக் குறைவு, வலி முதலியவை ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம்.

முதல் உலகப் போரில் 1914-15 குளிர்காலத்தில், நீர் தேங்கிய பதுங்குகுழிகளில் நின்ற ஆயிரக்கணக்கான போர்வீரர்கள் இதற்கு ஆளானார்கள். பின்னர் கால்களை நாள்தோறும் பார்வையிடுவது, உலர்ந்த காலுறை மாற்றுவது, இருவர் இருவராக ஒருவர் காலை ஒருவர் கவனிப்பது என்ற ஒழுங்குகள் வந்தன. பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படாமலே, வெறும் ஒழுங்கினால் கிடைத்த பலன் அது. நம் பண்ணைகளுக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

நீரில் இறங்காமலே முடியுமா?

காலைக் காக்கும் முதல் வழி, நீரில் நிற்கும் நேரத்தைக் குறைப்பதே. பூட்ஸ் வாங்குமுன் பண்ணையாளர் இதை யோசிக்க வேண்டும்.

ஓடுநீர்த் தொட்டியின் குறுக்கே இரண்டு பலகைகளை இறுகப் பொருத்தினால் அதன் மேல் நின்று நீண்ட கைப்பிடி உள்ள கைவலையால் பெரும்பாலான மீன்களை எடுத்துவிடலாம். பலகை வழுக்காமல் இருக்கக் கயிற்றை வரிந்து சுற்றுங்கள். மீன்களைக் கம்பித் தட்டியால் ஒரு மூலைக்கு ஒதுக்கிக்கொண்டால் துரத்தித் திரிய வேண்டியதில்லை. அளவு பிரித்தல், எடை போடுதல், சினைமீன்களிலிருந்து முட்டை பிழிந்தெடுத்தல் ஆகியவற்றைத் தொட்டிக்கு வெளியே, உலர்ந்த மேடையில் வைத்துக்கொள்ள வேண்டும். மேடைமீது ஒரு மரப்பலகையோ தடித்த ரப்பர் விரிப்போ போட்டால் தரையின் குளிர் ஏறாது.

அவசரமில்லாத வேலையை உறைபனிக் காலையில் வைக்காதீர்கள். மீனைச் சந்தைக்கு அனுப்பும் நாள் தவிர மற்ற நாட்களில், தொட்டி சுத்தம் செய்வது போன்ற வேலையை வெயில் ஏறியபின் வைத்துக்கொள்ளலாம். இப்படித் திட்டமிட்டாலே நீரில் நிற்கும் நேரம் பாதியாகக் குறைவதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

இறங்குமுன் செய்ய வேண்டியவை

காலுக்கு வரும் சூடு உடலிலிருந்து வருவதால், உடல் குளிர்ந்திருக்கும்போது காலை மட்டும் காக்க முடியாது. வெறும் வயிற்றுடன் இறங்கக் கூடாது. கஞ்சியோ களியோ இட்லியோ, வயிறார உண்டு, சூடாக ஏதேனும் பருகிவிட்டு இறங்க வேண்டும். மார்புக்குக் கம்பளிச் சட்டையும், தலைக்கும் காதுக்கும் மப்ளரோ குல்லாவோ அவசியம். நெஞ்சு கதகதப்பாக இருந்தால் உடல் கால்களின் இரத்தக் குழாய்களை இறுக்கி மூடாது. "கால் குளிர்ந்தால் தலையில் குல்லா போடு" என்று மலைவாசிகள் சொல்வதன் பொருள் இதுவே.

பீடி, சிகரெட்டைப் பலர் குளிருக்கு மருந்தாக நினைக்கிறார்கள். புகையிலையின் நிகோடின் கைகால் இரத்தக் குழாய்களை மேலும் சுருக்கும். மது அருந்தினால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து, சூடு ஏறியதுபோன்ற மயக்கம் உண்டாகும். உண்மையில் உடலின் சூடு அவ்வழியே வெளியேறிக்கொண்டிருக்கும். நீரோட்டத்தில் நிதானமும் தவறும். இரண்டையும் அறவே விலக்க வேண்டும்.

நகங்களை வெட்டி, விரல் இடுக்குகளை உலர்த்தி, வெடிப்பு, கொப்புளம் உள்ளனவா என்று பார்த்துவிட்டுக் காலுறை அணியுங்கள். எண்ணெய் அல்லது வாசலைனை மெல்லியதாகத் தடவினால் தோல் ஊறி வெடிப்பது ஓரளவு குறையும். ஆனால் அது சூட்டைக் காக்கும் என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

காலுறை

பருத்தி நம் நாட்டின் வெயிலுக்கு ஏற்ற துணி. குளிர்நீர் வேலைக்கு ஆகாது. நனைந்தவுடன் அதன் நூல்கள் படிந்து, இடுக்குகளில் நீர் நிறைந்துவிடும். கம்பளி இழை சுருள் சுருளாக இருப்பதால் நனைந்தாலும் முழுதும் படிந்துவிடுவதில்லை. சிறிது காற்று தங்கும். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் கம்பளி உள்வாங்கிக்கொண்டும் கைக்கு ஈரம் தோன்றாமல் இருக்கும்.

நான் குறிப்பிட்ட தொழிலாளியின் பூட்ஸில் ஓட்டை இல்லாதபோதும் காலுறை எப்படி நனைந்தது? வியர்வையால்தான். பாதத்தில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக உள்ளன. ரப்பர் பூட்ஸ் வெளிநீரை உள்ளே விடாது. உள்நீரை வெளியேயும் விடாது. பூட்ஸ் அணிந்துகொண்டு அரை மைல் வேகமாக நடந்து வந்து நீரில் இறங்குபவரின் காலுறை, இறங்குமுன்பே ஈரமாகிவிடுகிறது. ஆகையால் நடக்கும்போது செருப்பு. நீர்க்கரையில் காலைத் துடைத்தபின் உலர்ந்த காலுறையும் பூட்ஸும் என்று பழகுங்கள்.

உள்ளே மெல்லிய நைலான் அல்லது பாலியெஸ்டர் காலுறை, அதன்மேல் தடித்த கம்பளிக் காலுறை என இரண்டு போதும். மூன்று நான்கு திணித்தால் பூட்ஸ் இறுகி, காற்றும் நசுங்கி, இரத்தமும் தடைப்படும். ஒன்று அணிந்தவரைவிட நான்கு அணிந்தவருக்கே கால் முதலில் விறைக்கும். காலுறையின் மேல் விளிம்பு கெண்டைக்காலில் தழும்பு பதியுமளவு இறுகக் கூடாது. நீர் புகாதிருக்கச் சைக்கிள் டியூப் துண்டை முழங்காலுக்குக் கீழ் இறுக்கிக் கட்டும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். அது மடையை அடைத்துவிட்டுக் கடைமடையில் பயிர் வாடுகிறதே என்று வருந்துவதைப் போன்றது.

ஆளுக்குக் குறைந்தது மூன்று ஜோடிக் காலுறை வேண்டும்: காலில் ஒன்று, பையில் ஒன்று, கொடியில் ஒன்று.

பூட்ஸும் நீர்க்கால்சட்டையும்

முழங்கால் ரப்பர் பூட்ஸ், அதாவது 'கம் பூட்ஸ்', ஆழமில்லாத தொட்டிகளுக்குப் போதும். வழக்கமான அளவைவிட ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். கம்பளிக் காலுறை அணிந்தபின் விரல்களை உள்ளே தாராளமாக மடக்கி நீட்ட முடிய வேண்டும்.

அடிப்பாகத்தில் கம்பளி நமதா அல்லது தக்கைத் தகடு ஒன்றை வெட்டிப் போடுவது சிறந்தது. அதுவும் கிடைக்காவிடில் பல மடிப்புச் செய்தித்தாள் ஒரு வேளைக்கு உதவும். நனைந்ததும் எறிந்துவிட வேண்டும். புல்லும் வைக்கோலும்கூடக் குளிர்நாட்டாருக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கின்றன. காஷ்மீரில் நெல் வைக்கோலைத் திரித்துப் பின்னிய 'புல்ஹோர்' என்ற செருப்பை அணிந்து பனியில் நடந்தார்கள். ஐரோப்பாவின் வடகோடியில் வாழும் சாமி மக்கள் ஒருவகைக் கோரைப்புல்லை உலர்த்தி அடித்து மென்மையாக்கித் தம் தோல் காலணிக்குள் திணித்தார்கள். மாலையில் எடுத்து உலர்த்தி மறுநாளும் பயன்படுத்தினார்கள். புல்லின் இடுக்கில் தங்கிய காற்றும், அதை நாள்தோறும் உலர்த்திய ஒழுங்குமே அவர்களைக் காத்தன.

ஆழமான ஓடையில் நிற்போர் இடுப்பு அல்லது மார்பு வரை வரும் நீர்க்கால்சட்டை அணிகிறார்கள். இப்போது நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பர் நுரையில் செய்தவை கிடைக்கின்றன. இந்த ரப்பர் 1930-ல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. அதன் நுரையில் உள்ள நுண்குமிழிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மூடப்பட்டிருப்பதால் நீர் புகாது. வாயு உள்ளேயே இருந்து சூட்டைக் காக்கும். 3 மில்லிமீட்டரைவிட 5 மில்லிமீட்டர் தடிப்புள்ளது அதிகக் கதகதப்புத் தரும். நியோபிரீன் காலுறை மட்டும் தனியாகவும் கிடைக்கிறது. அது உடலோடு பொருந்த வேண்டும், ஆனால் இறுக்கக் கூடாது. மெல்லிய நீர்க்கால்சட்டைகள் நீரைத் தடுக்குமே தவிரச் சூட்டைக் காக்கா; உள்ளே கம்பளி அணிந்தே ஆக வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மார்பு வரை வரும் நீர்க்கால்சட்டைக்கு மேல் இடுப்பில் வார் கட்டாமல் ஓடையில் இறங்கக் கூடாது. சறுக்கி விழுந்தால் உள்ளே நீர் நிறைந்து எழுந்து கரையேறுவது மிகவும் கடினமாகிவிடும். தனியாக இறங்குவதும் தவறு.

இரும்புத் தூள் அடங்கிய சூட்டுப் பொட்டலங்கள் சில கடைகளில் விற்கப்படுகின்றன. அவை காற்றிலுள்ள பிராணவாயு பட்டால்தான் சூடாகும். காற்றுப் புகாத பூட்ஸுக்குள் அவற்றால் அதிகப் பயன் இராது. கரையேறியபின் சட்டைப் பையில் வைத்துக் கைகளைச் சூடாக்க உதவும். மரத்துப்போன தோலில் நேரடியாக வைக்கக் கூடாது.

நீரில் நிற்கும்போது

அசையாமல் நிற்பதே பெருங்கேடு. கெண்டைக்காலின் தசை சுருங்கி விரியும்போதுதான் இரத்தம் மேலேறிப் புது இரத்தம் கீழிறங்க வழி ஏற்படுகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை விரல்களை மடக்கி நீட்டுங்கள். குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். இடம் மாறி நில்லுங்கள்.

நீர் 10 டிகிரி அளவில் இருந்தால் இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்வது நல்லது. கடிகாரத்தைக் கரையில் இருப்பவர் பார்க்க வேண்டும். நீரில் நிற்பவர் "இன்னும் கொஞ்சம்" என்றே சொல்வார். வலி வந்தால் அது எச்சரிக்கை. வலித்துக்கொண்டிருந்த கால் திடீரென வலியை நிறுத்திவிட்டால் அது ஆபத்து. அந்தக் கணமே வெளியே வர வேண்டும்.

பூட்ஸுக்குள் நீர் புகுந்துவிட்டால் "முடித்துவிட்டு வருகிறேன்" என்று நிற்கக் கூடாது. உடனே ஏறி, நீரைக் கொட்டி, காலைத் துடைத்து, உலர்ந்த காலுறைக்கு மாறுங்கள்.

கரையேறியபின்

ஈரத்தைக் கழற்றி, காலை ஒற்றித் துடைக்க வேண்டும். அழுத்தித் தேய்க்கக் கூடாது. மரத்த தோலைத் தேய்த்தால் கிழியும். உலர்ந்த கம்பளிக் காலுறை அணிந்து, போர்வை போர்த்தி, சூடான பானம் அருந்தி உட்காருங்கள். உடல் சூடானால் கால் தானே சூடாகும். உணர்ச்சி உள்ள கால் என்றால் சிறிது நடக்கலாம்.

நெருப்பில் காட்டுவது, வெந்நீரில் அமிழ்த்துவது, சுடுநீர்ப் பையைக் கட்டுவது ஆகிய மூன்றும் கூடாது. உணர்ச்சியற்ற கால் சூட்டின் அளவைச் சொல்லாது. மேலும், சூடேறிய திசு அதிகப் பிராணவாயுவைக் கேட்கும். சுருங்கிக் கிடக்கும் குழாய்களால் அதை உடனே கொடுக்க முடியாது. வாடிய நாற்றை நண்பகல் வெயிலில் வைப்பதற்கு ஒப்பானது இது.

அரை மணி நேரத்துக்குப் பின்னும் உணர்ச்சி திரும்பாவிட்டாலோ, வீக்கம், கொப்புளம், கரும்புள்ளி, தாங்காத எரிச்சல் தோன்றினாலோ, காலைச் சற்று உயர்த்தி வைத்து, நடக்கவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், காலில் இரத்த ஓட்டக் குறைவு உள்ளவர்கள், முன்பு ஒருமுறை குளிரால் கால் கெட்டவர்கள் ஆகியோரை நீரில் இறக்காமல் கரை வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர், பருவம் தொடங்குமுன் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்வது நலம்.

பூட்ஸ் பராமரிப்பு

நேற்றைய ஈரம் இன்றைய குளிர். மாலையில் பூட்ஸுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஈரம் ஏறியதும் மாற்றுங்கள். பிறகு தரையில் நட்ட இரண்டு கழிகளில் தலைகீழாகக் கவிழ்த்து நிழலில் காற்றாட விடுங்கள். அடுப்பருகிலோ கடும் வெயிலிலோ வைத்தால் ரப்பர் வெடிக்கும். இரண்டு ஜோடி இருந்தால் ஒன்றுவிட்டு ஒரு நாள் அணியலாம்.

நன்கு உலர்த்துவதால் இன்னொரு பலனும் உண்டு. ஈரப் பூட்ஸ் ஒரு நீர்நிலையின் நோய்க்கிருமியையும் பாசியையும் அடுத்ததற்குக் கொண்டுபோகும். வழுக்காமல் இருக்க நமதா அடி வைத்த பூட்ஸ் உலர நெடுநேரம் ஆவதால், பாசி பரவுவதைத் தடுக்க நியூசிலாந்து அதை 2008-ல் தடை செய்தது. காலைக் காக்கும் வேலை மீனையும் காக்கிறது.

சமவெளி மீனவருக்கு

தை மாத விடியலில் நம் ஏரி நீர் மலை ஓடையளவு குளிர்வதில்லை. ஆயினும் மூன்று நான்கு மணி நேரம் நின்றால் கால் ஊறி, உடல் சூடும் குறையும். பூட்ஸ் இல்லாதோர் ஒரு மணிக்கு ஒருமுறை கரையேறி, விரல் இடுக்குகளைத் துடைத்து உலர்த்தினாலே சேற்றுப்புண் பெரிதும் குறையும். காலில் காயத்துடன் தேங்கிய நீரில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி அவ்வழியே புகக்கூடும்.

முதலாளியின் கடமை

பண்ணைச் செலவுக் கணக்கில் தீவனம், வலை, மின்சாரம் எல்லாம் எழுதுகிறோம். பூட்ஸ், காலுறை, உலர்ந்த துண்டு, ஒதுக்குக் கொட்டகை ஆகியவற்றையும் அதே கணக்கில் எழுத வேண்டும். ஆள் மாற்றுவதைத் தொழிலாளியின் விருப்பத்துக்கு விடாமல் பண்ணையின் விதியாக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒருவர் காலை ஒருவர் பார்த்து அனுப்புவது இரண்டு நிமிட வேலை.

குதிகால் சுட்டுக்கொண்ட அந்தப் பெரியவரை அடுத்த ஆண்டு சென்றபோது கண்டேன். கரையில் பலகைமேல் உட்கார்ந்து மீன்களை எண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பழைய கடிகாரம். தொட்டியில் நின்ற இளைஞனிடம், "தம்பி, இருபது நிமிசமாச்சு, ஏறு" என்றார். "இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க மாமா" என்றான் அவன். "மீன் எங்கேயும் போகாது. நீ ஏறு" என்றார் அவர்.

நினைவிற் கொள்ள வேண்டியவை:

1. நீரில் இறங்காமல் செய்யக்கூடிய வேலையைக் கரையிலிருந்தே செய்க.
2. உண்டு, மார்பையும் தலையையும் மூடிக்கொண்டு இறங்குக.
3. பருத்தியை விடுத்துக் கம்பளி அணிக, இறுக்கம் கூடாது.
4. காலை அசைத்துக்கொண்டே இருக்க. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுக.
5. வலி நின்றுபோனால் உடனே வெளியேறுக.
6. மரத்த காலை நெருப்பிலோ வெந்நீரிலோ காட்டற்க, தேய்க்கற்க.
7. காலுறையும் பூட்ஸும் நாள்தோறும் உலரட்டும்.